மாந்தோப்பை வெட்டிவிட்டு ஒயின் திராட்சை வைக்கலாமா?

"காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 5 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் 3 ஏக்கரில் அப்பா வைத்த மாமரங்கள் நிற்கின்றன. 40 வயதாகிறது. ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் காய்ப்பதில்லை. தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் கொடுக்கிற பணம் வேலி அடைக்கவே சரியாகப் போய்விடுகிறது. பிரான்சில் வேலை பார்க்கும் மகன் போன மாதம் வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தான். பழைய கொடிகளின் பழம், பயோடைனமிக் முறை, பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் தோட்டம் என்று அட்டையில் போட்டிருப்பதைப் படித்துச் சொன்னான். விலையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மாமரங்களை எடுத்துவிட்டுத் திராட்சை வைத்து, மாட்டுக்கொம்பு உரமெல்லாம் போட்டு அப்படி ஒரு பழம் விளைவிக்க முடியுமா? மரம் வெட்ட ஆள் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று. சீக்கிரம் பதில் வேண்டும்."

- வாசகர், காரைக்குடி.

முன்பணம் போனாலும் பரவாயில்லை, மரம் வெட்டுகிறவரை இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. அந்த பாட்டிலின் விலைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இந்த வாசகரிடம் ஏற்கெனவே இருப்பது ஒன்றுதான்: வயதான வேர். அதைத்தான் அவர் வெட்ட ஆள் பேசியிருக்கிறார்.

மகன் கொண்டுவந்த பாட்டில் எந்தத் தோட்டத்துடையது என்று கடிதத்தில் இல்லை. ஆனால் அந்த வகை ஒயின்களில் உலகமே பேசும் ஒரு தோட்டத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கிவிடும். பிரான்சின் பர்கண்டி பகுதியில் வோன்-ரொமானே என்றொரு சிறு கிராமம். அங்கே ரொமானே-கோந்தி என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பரப்பு 1.8 ஹெக்டேர், அதாவது சுமார் நாலரை ஏக்கர். காரைக்குடி வாசகரின் நிலத்தைவிடச் சிறியது! இரண்டு குடும்பங்களுக்குச் சொந்தம். 1980-களில் ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறினார்கள்; 2007-லிருந்து முழுக்கப் பயோடைனமிக். கிடைப்பது வருடத்துக்கு 5,000, 6,000 பாட்டில்கள். ஒரு பாட்டிலின் விலை லட்சங்களில்.

விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு மகசூலைப் பார்க்க வேண்டும். 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் தேவை. 6,000 பாட்டிலுக்கு 6 முதல் 8 டன். அதை நாலரை ஏக்கருக்குப் பிரித்தால் ஏக்கருக்கு ஒன்றரை டன்தான் வருகிறது. தேனி மாவட்டத்தில் பன்னீர் திராட்சைக்கு ஹெக்டேருக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன் என்பது வழக்கமான கணக்கு. எட்டில் ஒரு பங்கு விளைச்சலை, அதுவும் வருடத்துக்கு ஒரே அறுவடையை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன. குளிர்காலத்தில் கொடியை ஒட்ட வெட்டி, காய்க்கும் கணுக்களைக் குறைத்து, குலை அதிகமானால் பிஞ்சிலேயே கிள்ளி எறிகிறார்கள். கொடியின் சத்து முழுவதும் இருக்கிற சில குலைகளில் இறங்குகிறது. பிஞ்சைக் கிள்ளி எறியும் மனது கிலோ கணக்கில் விற்கிற சம்சாரிக்கு வராது, வரவும் கூடாது. எடைக்குக் காசு வாங்குகிறவர் எடையைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தோட்டத்துக்கே ஒரு சோதனை வந்தது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லோக்செரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைக் கொடிகளை மண்ணோடு மண்ணாக்கியது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பேனைத் தாங்கும் என்று கண்டுபிடித்து, அந்த வேர்க்குச்சியில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டி நட்டார்கள். இந்தியாவில் 'டாக்ரிட்ஜ்' வேர்க்குச்சியில் ஒட்டுக்கட்டுவதும் அதே நுட்பம்தான். இங்கே பேனுக்காக அல்ல, உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்காக. ரொமானே-கோந்தியில் மட்டும் பழைய கொடியை வெட்ட மனம் வரவில்லை. மண்ணுக்குள் மருந்து செலுத்தி, ஒட்டுக்கட்டாத கொடிகளையே பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. 1945-ல் மொத்தம் 600 பாட்டில்தான் கிடைத்தது. அதோடு கொடிகளைப் பிடுங்கி 1947-ல் புதிதாக நட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. அந்தக் கடைசி 600-ல் ஒரு பாட்டில் 2018 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் 4 கோடி ரூபாய்க்கு மேல்.

பேரும் புகழும் உள்ளவர்களே நட்டுவிட்டு ஐந்தாறு வருடம் வெறுங்கையோடு இருந்திருக்கிறார்கள். காரைக்குடி வாசகர் இன்று நட்டால் 'பழைய கொடி' என்று அட்டையில் போட அவருடைய பேரன் காலம் ஆகிவிடும். பழைய கொடிக்கு அப்படி என்ன மதிப்பு என்றால், மந்திரம் ஒன்றும் இல்லை. வேர் ஆழம் போயிருக்கும். மழை தவறினாலும் சட்டென்று வாடாது. மழை கூடினாலும் பழம் நீர்த்துப் போகாது. காய்ப்பு தானாகவே குறைந்திருக்கும். வருடத்துக்கு வருடம் சுவை பெரிதாக மாறாது. மாமரம், புளி, பலா எதற்கும் இது பொருந்தும்.

அடுத்தது குளிர். பர்கண்டியின் கொடி கார்த்திகை முதல் மாசி வரை இலையுதிர்த்துத் தூங்குகிறது. காரைக்குடியில் அந்தத் தூக்கம் கிடையாது. தமிழ்நாட்டில் திராட்சைக் கொடி வருடம் முழுவதும் பச்சையாகவே நிற்கும். கவாத்து செய்துதான் அதைக் காய்க்கவைக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து மாதத்தை மாற்றி மாற்றி வைத்து இரண்டு வருடத்தில் ஐந்து அறுவடை எடுப்பவர்கள் உண்டு. கைக்குப் பணம் வருகிறது. ஆனால் ஓய்வில்லாமல் காய்க்கும் கொடி சீக்கிரம் தளர்ந்துபோகும். 100 வயதுக் கொடியும் வருடத்துக்கு இரண்டு மூன்று அறுவடையும் ஒரே தோட்டத்தில் நடக்காது.

இரவு வெப்பமும் ஒரு தடை. சிவப்பு ஒயினின் நிறம் பழத்தின் தோலிலிருந்து வருவது. இரவு குளிர்ந்தால் தோலில் நிறம் ஏறும். இரவும் வெந்தால் சர்க்கரை ஏறும், நிறமும் புளிப்பும் குறைந்துவிடும். அதனால்தான் இந்தியாவில் நல்ல சிவப்பு ஒயின் வருகிற இடங்களெல்லாம் மேட்டு நிலமாக இருக்கின்றன. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பம் பிரெஞ்சு ரகங்களை நட்டு 1988-ல் தொடங்கிய தோட்டத்தையும், நாசிக்கில் 1999-ல் தொடங்கிய சுலாவையும் உதாரணமாகச் சொல்லலாம். இரண்டு இடத்திலும் இரவில் போர்வை தேவைப்படும். காரைக்குடியில் சித்திரை மாத இரவில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியுமா என்பதை இந்த வாசகரே சொல்லட்டும்.

தமிழ்நாட்டுக்குள் இதற்கு நெருக்கமாக இருப்பது கம்பத்தின் பன்னீர் திராட்சைதான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இந்த ரகத்தின் உலகப் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இதன் குடும்ப வரலாறு சுவையானது. இரண்டு ரகங்கள் கூடிப் பிறந்தது இது. ஒன்று 'மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா', இன்னொன்று 'பிளாக் ஹாம்பர்க்'. லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 250 வருடங்களுக்கு முன் நட்ட ஒற்றைத் திராட்சைக் கொடி இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறதே, அது பிளாக் ஹாம்பர்க் ரகம்தான். கம்பம் சந்தையில் கூடையில் கிடக்கும் பழத்துக்கு அரண்மனையில் ஒரு பாட்டி இருக்கிறாள்!

பன்னீரில் ஒயின் செய்ய முடியாதா என்றால், முடியும். கலிபோர்னியாவில் இதே ரகத்துக்கு 'பிளாக் மஸ்கட்' என்று பெயர். சாப்பாட்டுக்குப் பின் அருந்தும் இனிப்பு ஒயின் அதில் செய்கிறார்கள். ரோஜா வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால் மகன் கொண்டுவந்த பாட்டிலில் இருந்தது போன்ற அடர்ந்த, துவர்ப்பான சிவப்பு ஒயின் இதில் வராது. இது கையில் எடுத்துச் சாப்பிடுவதற்கும், சாறு பிழிவதற்கும் பிறந்த பழம்.

அப்படியானால் ஒயினை விட்டுவிட்டுப் பன்னீர் திராட்சையையாவது 3 ஏக்கரில் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். மண் பெரிய தடை இல்லை. வடிகால் உள்ள செம்மண் திராட்சைக்கு ஏற்றதுதான். கார அமில நிலை 6.5 முதல் 7 வரை, உப்பின் அளவு 1-க்குக் கீழே இருக்க வேண்டும். காரைக்குடியைச் சுற்றிச் செம்புறாங்கல் பாறை எத்தனை அடியில் இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் எதுவும் நடக்கூடாது. சம்பை ஊற்றுத் தண்ணீர் இனிக்கும் என்பது ஊருக்கே பெருமை. அதற்காக எல்லா ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் இனிக்காது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மழைதான் சிக்கல். சிவகங்கை மாவட்டம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் பூவோ பிஞ்சோ இருந்தால் அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் தோட்டத்தைத் தின்றுவிடும். ரசாயனம் தொடாத பயோடைனமிக் தோட்டங்களிலும் இந்த நோய்க்குப் போர்டோ கலவைதான் அடிக்கிறார்கள். மயில் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கலவையே 1880-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டத்தில் பிறந்ததுதான். அந்தப் பருவத்தைத் தவிர்த்தால் காரைக்குடியில் ஒரே அறுவடைதான் எடுக்க முடியும். கல்தூண், கம்பி, சொட்டுநீர் என்று பந்தலுக்கே ஏக்கருக்குச் சில லட்சம் முடங்கும். கம்பத்துக்காரர் வருடம் முழுவதும் பழம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, வியாபாரி காரைக்குடிக்கு ஒரே ஒரு மாதம் லாரி அனுப்ப மாட்டார். ஆகவே 3 ஏக்கர் வேண்டாம்.

இனி மாமரத்துக்கு வரலாம். 40 வயது என்பது மாமரத்துக்கு நடு வயது. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்ப்பது பல ரகங்களின் பிறவிக் குணம்; அதற்கு மரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆனால் குத்தகைக்கு விட்ட தோப்புகளில் இன்னொன்று நடக்கிறது. குத்தகைக்காரர் காயைப் பார்ப்பார், மரத்தைப் பார்க்க மாட்டார். உரம் இல்லை, கவாத்து இல்லை, உள்ளுக்குள் வெயில் நுழையாத அடர்த்தி. அறுவடை முடிந்த பிறகு ஆவணி வாக்கில் காய்ந்த கிளை, நோய்பட்ட கிளை, உள்பக்கம் பின்னிக்கிடக்கும் கிளைகளை எடுத்து, நடு மரத்தில் வெயில் விழச் செய்ய வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் மரத்துக்கு 50 கிலோ தொழு உரம், அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல் இரண்டு மூன்றடி தள்ளி, இலை நிழல் விழும் எல்லைவரை போட்டுக் கொத்திவிட வேண்டும். கிளை பரவி ஒன்றோடொன்று இடிக்கும் மரங்களில் ஒரு பத்தை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, பெரிய கிளைகளை அளவாகத் தறித்து மறுதுளிர் விடச் செய்யலாம். இரண்டு மூன்று வருடம் அந்தப் பத்து மரத்தில் காய் இருக்காது; மற்ற மரங்களில் இருக்கும். வரும் துளிரில் நீலம் போல ஆண்டுதோறும் காய்க்கும் ரகத்தை ஒட்டுக்கட்டவும் முடியும். வேர் பழையது, தலை புதியது. பிரான்சில் வேர்ப்பேனுக்குப் பயந்து செய்ததையே இங்கே காய்ப்புக்காகச் செய்வது.

இரண்டு வருடம் குத்தகையை நிறுத்தி, பழத்தைப் புகை போடாமல், கல் வைக்காமல், வைக்கோலில் பழுக்கவைத்து காரைக்குடி, தேவகோட்டையில் நேரடியாக விற்றுப் பார்க்க வேண்டும். முதலில் பெட்டிக் கணக்கில் சொந்தபந்தத்துக்கு, பிறகு கடைகளுக்கு. 'அப்பா வைத்த மரம், 40 வருடத் தோப்பு' என்று பெட்டியில் எழுதி ஒட்டினால் அது பொய் ஆகாது. இயற்கை விளைபொருள் என்று போட வேண்டுமானால் மட்டும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மா போன்ற நீண்டகாலப் பயிருக்கு மாறுதல் காலம் 3 வருடம்.

"பயோடைனமிக் என்கிறார்களே, அது பஞ்சகவ்யா மாதிரியா? மாட்டுக்கொம்பு உரத்தை வீட்டிலேயே செய்ய முடியுமா? எங்களிடம் நாலு நாட்டுப் பசுக்கள் இருக்கின்றன. காய்கறியும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறோம்."

- வாசகி, தேவகோட்டை.

தாராளமாகச் செய்யலாம். முந்தைய கேள்வியில் வந்த பிரெஞ்சுத் தோட்டங்கள் செய்வதும் இதையேதான். அவர்களைவிட இந்த வாசகிக்குச் சாணம் சுலபமாகக் கிடைக்கும்.

ருடால்ஃப் ஸ்டெய்னர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1924-ல், இப்போது போலந்தில் இருக்கும் ஓர் ஊரில், பண்ணையாளர்களுக்கு எட்டுச் சொற்பொழிவுகள் நடத்தினார். அதிலிருந்து பிறந்தது இந்த முறை. தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்கிறார்கள். பண்ணையை ஓர் உயிர்போலப் பார்க்க வேண்டும், அதற்கு வேண்டியது அதற்குள்ளேயே கிடைக்க வேண்டும், மாடு இல்லாமல் பண்ணை இல்லை என்பது அடிப்படை. 1990-களில் நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் புரோக்டர் வந்து இந்தியாவில் பல இடங்களில் இதைக் கற்றுக்கொடுத்தார். பஞ்சகவ்யா நொதிக்கவைத்துத் தெளிப்பது. இதில் சாணத்தைக் கொம்புக்குள் வைத்து மண்ணுக்குள் மட்கச் செய்து, மிகக் குறைந்த அளவில் பயன்படுத்துகிறார்கள்.

கொம்பு பசுவினுடையதாக இருக்க வேண்டும், காளைக் கொம்பு கூடாது. புலிக்குளம் காளையின் கொம்பு பெரிதாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். கன்று ஈன்ற பசுவின் கொம்பில் அடியில் வளையங்கள் தெரியும்; அதுதான் அடையாளம். விரிசல், வண்ணப் பூச்சு இல்லாத கொம்பாகப் பார்த்து எடுத்து, கறவைப் பசுவின் புதுச் சாணத்தைக் காற்று இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை அடி ஆழக் குழியில் வாய் கீழே இருக்கும்படி வரிசையாக வைத்து, மட்கிய உரம் கலந்த மண்ணால் மூட வேண்டும். புதைப்பது புரட்டாசி-ஐப்பசியில், எடுப்பது மாசி-பங்குனியில். செட்டிநாட்டுப் பக்கம் இங்கேதான் கவனம் தேவை. புதைத்த மறு வாரமே பருவமழை இறங்கிவிடும். குழியில் தண்ணீர் நின்றால் சாணம் மட்காமல் பச்சையாக, நாற்றத்தோடு அப்படியே கிடக்கும். மேடான இடம், மரவேர் எட்டாத இடம், சுற்றிலும் சிறு வாய்க்கால் அவசியம். நல்லபடி முடிந்தால் உள்ளே இருப்பது கருத்து, நாற்றம் போய், மழைக்குப் பிந்தைய மண்வாசனை அடிக்கும். அதை மண்பானையில் போட்டு, சுற்றித் தென்னைநார்க் கழிவு வைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஏக்கருக்கு 25 கிராம் போதும். 13 லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கரைத்து, ஒரு பக்கமாகச் சுழலவிட்டு நடுவில் பள்ளம் விழுந்ததும் எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டும். இப்படி மாற்றி மாற்றி ஒரு மணி நேரம். கை வலிக்கும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளலாம். மாலையில், மண்ணில் ஈரம் இருக்கும்போது, வேப்பங்கொத்தால் தொட்டுத் தொட்டு மண்ணில் தெளிக்க வேண்டும். சந்திரன் இறங்குமுகத்தில் இருக்கும் நாட்களில் தெளிக்கச் சொல்கிறார்கள். அதைத் தமிழ் நாட்காட்டியின் கீழ்நோக்கு நாளோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கீழ்நோக்கு நாள் நட்சத்திரத்தை வைத்து நாளுக்கு நாள் மாறுவது. பயோடைனமிக் நாட்காட்டியின் இறங்குமுகம், சந்திரன் வானில் வடக்கிலிருந்து தெற்காகச் சாய்ந்துகொண்டே வரும் தொடர்ச்சியான இரண்டு வாரங்கள். தேய்பிறையும் அதுவும்கூட ஒன்றல்ல.

வேலை மிச்சம் வேண்டுமென்றால் சாண மூலிகை உரம் இன்னும் உபயோகமானது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில், அடிப்பக்கம் மண்ணாகவும் சுற்றிலும் செங்கல்லாகவும் ஒரு குழி. 60 கிலோ புதுச் சாணத்தில் முட்டை ஓட்டுத் தூளும் கல்தூளும் கால் கிலோ வீதம் பிசைந்து நிரப்பி, அதில் மூலிகைத் தயாரிப்புகளை வைத்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் விட வேண்டும். மாதம் ஒருமுறை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் தயார். ஏக்கருக்கு ஒரு கிலோவை 45 லிட்டர் தண்ணீரில் கரைத்து, விதை நேர்த்திக்கும் நாற்று நனைக்கவும் தெளிக்கவும் பயன்படுத்தலாம். அந்த மூலிகைகள் குளிர்நாட்டுச் செடிகள், ஓக் மரப்பட்டை இப்படிப்பட்டவை, தேவகோட்டையில் வளராது. மலைப்பகுதிப் பண்ணைகளில் தயாரித்து விற்கிறார்கள், வாங்கிக்கொள்ள வேண்டும்.

பலன் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் 1978 முதல் ஒரே வயலில் பயோடைனமிக், சாதாரண இயற்கை முறை, ரசாயன முறை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவருகிறார்கள். 21 வருட முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. இயற்கை முறைகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவிகிதம் குறைவு. உரச் செலவும் எரிபொருளும் 34 முதல் 53 சதவிகிதம் வரை மிச்சம். மண்ணில் நுண்ணுயிர் அதிகம் இருந்தது பயோடைனமிக் பாத்தியில். ஆனால் விளைச்சலில் அதற்கும் சாதாரண இயற்கை முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே 25 கிராம் கொம்பு உரத்தைத் தெளித்துவிட்டுத் தொழு உரத்தை நிறுத்தினால் பயிர் படுத்துவிடும். நாலு பசுவின் சாணமும் நன்றாக மட்கி நிலத்துக்குப் போவதுதான் முதல் வேலை. கொம்பு உரம் அதற்கு மேல் செய்வது. செலவு ஒன்றும் இல்லை என்பதால் பாதித் தோட்டத்தில் தெளித்து, பாதியை அப்படியே விட்டு, இரண்டு வருடம் நோட்டில் எழுதிப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பயோடைனமிக் விளைபொருளுக்கு 'டிமீட்டர்' என்ற பெயரில் உலக அளவில் சான்று முத்திரை இருக்கிறது. கொம்பு உரம் தெளித்துவிட்டோம் என்பதற்காக அந்த முத்திரையைப் பொட்டலத்தில் அச்சடிக்கக் கூடாது.

"கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு மட்டும் பன்னீர் திராட்சையில் ஒயின் போடுவது தப்பா? விற்கப் போவதில்லை."

- வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்).

பல வீடுகளில் ஜாடியில் போடுகிறார்கள் என்பது ஊரறிந்தது. ஆனாலும் 1937-ம் வருடத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்றாலும் விற்காவிட்டாலும் குற்றம்தான். ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் அது மது. அதே பழத்தை நொதிக்கவிடாமல் சாறு பிழிந்து, காய்ச்சி, சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால் அது பழரசம். வீட்டுக்கு என்றால் யார் அனுமதியும் தேவையில்லை. விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

"வீட்டின் பின்கட்டில் நல்ல வெயில் விழுகிற இடம் இருக்கிறது. ஒரே ஒரு திராட்சைக் கொடி வைக்க ஆசை. வருமா?"

- வாசகி, கானாடுகாத்தான்.

வரும். பன்னீர் ரகத்தின் வேர்விட்ட குச்சியை வாங்கி ஆனி, ஆடியில் நடலாம். இரண்டடிக்கு இரண்டடி குழியில் பாதி மட்கிய சாணம், பாதி மேல்மண். செங்கல் சல்லியும் சுண்ணாம்புக் காரையும் கிடந்த இடமென்றால் அந்த மண்ணை முழுக்க எடுத்துவிட்டு வேறு மண் நிரப்ப வேண்டும். பழைய வீடுகளில் இதைக் கவனிக்காமல்தான் கொடி மஞ்சளடித்துப் போகிறது. பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு ஒற்றைத் தண்டாக ஏற்றி, ஆறேழு அடி உயரத்தில் பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் இரண்டு பக்கமும் கை பிரியும். ஒன்றரை வருடத்தில் முதல் காய்ப்பு பார்க்கலாம். அதன் பிறகு கவாத்தை மழை முழுவதும் நின்ற பிறகு, மார்கழிக் கடைசி அல்லது தை மாதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரண்ட குச்சியில் நான்கைந்து கணு விட்டு வெட்டினால் சுமார் நான்கு மாதத்தில், சித்திரை, வைகாசியில் பழம் கிடைக்கும். குலை கறுத்தவுடன் பறித்துவிடக் கூடாது. கறுத்த பிறகும் சில நாள் கொடியிலேயே விட்டால்தான் புளிப்பு இறங்கிப் பன்னீர் வாசனை ஏறும். கிளியும் அணிலும் அதுவரை பொறுக்காது. கறுக்கத் தொடங்கும்போதே பழைய கொசுவலையைப் பந்தலுக்கு அடியில் குலைகளைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும்.